நுங்கு பதத்தில் ஒரு மின்முனை

நுங்கை வெயிலில் காயவிட்டு மறுநாள் தண்ணீரில் ஊறப்போட்டுப் பாருங்கள். நுங்கு திரும்பி வராது; தோல் மாதிரி ஒரு சுருங்கல்தான் மிஞ்சும். இந்தக் கட்டுரையில் செய்யப்போகும் பொருளும் அந்த ஜாதிதான். பாலிஅனிலின் என்ற மின்கடத்தும் பாலிமரைத் தண்ணீரோடு சேர்த்து ஜெல்லாக உறையவைத்து, மின்சாரம் சேமிக்கும் மின்முனையாக ஆக்கப்போகிறோம். உறையவைப்பது மூன்று நிமிட வேலை. காயாமல் காப்பாற்றுவதுதான் மூன்று நாள் வேலை.

பண்ருட்டி, நெய்வேலி, கடலூர் பக்கம் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்துக்கொண்டு, ப்ராஜெக்டுக்கு என்ன செய்வது என்று கையைப் பிசைந்துகொண்டிருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஃபியூம் ஹூட் உள்ள ஆய்வகமும் பக்கத்தில் ஓர் ஆசிரியரும் இல்லாமல் இதைத் தொடவேண்டாம். அனிலின் விஷம். மூச்சில் மட்டுமல்ல, தோல் வழியாகவும் உள்ளே போகும். ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுக்கும். உதடும் நகமும் நீலம் பாரித்தால் யோசிக்காமல் மருத்துவமனைக்கு ஓடவேண்டும்.

அனிலினுக்கும் எங்கள் மண்ணுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1826இல் ஜெர்மனியில் உன்வெர்டோர்பன் என்பவர் அவுரி நீலத்தைச் சூடாக்கி வடித்தபோதுதான் இந்தத் திரவம் முதன்முதலில் பிறந்தது. ‘அனிலின்’ என்ற பெயரே நம் ‘நீலம்’ அரபு, போர்த்துக்கீசியம் என்று சுற்றிப்போய் வந்த உருமாற்றம். அந்தக் காலத்தில் அவுரி பயிரிட்ட பெரிய வட்டாரங்களில் தென்னார்க்காடும் ஒன்று. பிறகு 1834இல் ரூங்கே என்பவர் இதே பொருளை நிலக்கரித் தாரிலிருந்து எடுத்தார். அவுரி விளைந்த மண் ஒருபக்கம், நெய்வேலியின் நிலக்கரி மறுபக்கம். பண்ருட்டியை ஒட்டிய திருவதிகையில் உட்கார்ந்து அனிலின் புட்டியைத் திறக்கும் எனக்கு இது வெறும் தற்செயலாகத் தோன்றுவதில்லை. சரி, வேலைக்கு வருவோம்.

பொருள் சேர்ப்பது

செய்முறை என் கண்டுபிடிப்பு அல்ல. 2012இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் ஸ்டான்ஃபோர்டின் ஜெனான் பாவோ, குய்ஹுவா யூ, நான்ஜிங் பல்கலைக்கழகத்தின் லிஜியா பான் முதலானோர் வெளியிட்டது. அதற்கு முன்பும் பாலிஅனிலின் ஜெல் செய்தார்கள். ஆனால் ஜெலட்டின் போன்ற மின்கடத்தாத ஏதாவதொன்றைப் பிடிமானத்துக்குச் சேர்க்கவேண்டியிருந்தது. அந்தப் பிடிமானமே மின்சாரத்துக்குத் தடை. இவர்கள் அதை எடுத்துவிட்டு பைட்டிக் அமிலத்தைப் போட்டார்கள். நம் நெல் தவிட்டில் ஏராளமாக இருக்கும் அமிலம்தான் அது. ஒரு மூலக்கூறுக்கு ஆறு பாஸ்பேட் கைகள். ஒவ்வொரு கையும் ஒவ்வொரு பாலிஅனிலின் சங்கிலியைப் பிடித்துக்கொள்ளும். பிடித்த இடத்திலேயே அந்தச் சங்கிலிக்கு மின்கடத்தும் தன்மையையும் கொடுக்கும். கட்டுகிற கயிறே கம்பியாகவும் வேலை செய்கிறது. இந்த ஜெல்லின் புத்திசாலித்தனமெல்லாம் இந்த ஓர் இடத்தில்தான்.

வேண்டியவை நான்கு: அனிலின், 50 சதவீத பைட்டிக் அமிலக் கரைசல், அமோனியம் பெர்சல்பேட், டிஸ்டில்டு வாட்டர். மின்முனைக்கு அடித்தளமாகக் கார்பன் துணி அல்லது கிராஃபைட் தாள். அலுமினியத் தாள் மலிவு என்று அதன்பக்கம் போகாதீர்கள். அமிலம் அதைத் தின்றுவிடும்.

புட்டியில் இருக்கும் அனிலின் நிறமில்லாமலோ இளமஞ்சளாகவோ இருந்தால் சரி. கட்டஞ்சாயா நிறத்துக்கு வந்திருந்தால் அது ஏற்கெனவே காற்றில் ஆக்ஸிஜனேற்றம் ஆகிவிட்டது. ஆசிரியர் மேற்பார்வையில் குறைந்த அழுத்தத்தில் வடித்தெடுத்துத்தான் பயன்படுத்தவேண்டும். பெர்சல்பேட் ஈரம் படாத புட்டியில், அனிலினுக்குத் தள்ளி இருக்கட்டும். போர் தண்ணீர் எந்தக் கட்டத்திலும் கூடாது. பைட்டிக் அமிலம் இரும்பைக் கண்டால் விடாது, பிடித்துக்கொள்ளும். அது பிடிக்கவேண்டியது பாலிமரைத்தானே தவிர உங்கள் ஊர்க் குழாய்த் துருவை அல்ல.

முந்தின நாள்

கார்பன் துணியை 1 செ.மீ. அகலமும் 3 செ.மீ. நீளமுமாக வெட்டுங்கள். கீழே 1 செ.மீ. ஜெல்லுக்கு; மேலே மிச்சம் கிளிப் கவ்வுவதற்கு. குறைந்தது ஆறு துண்டு வேண்டும். ஏன் ஆறு என்பது எடை போடும்போது புரியும். ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் எண் எழுதிய தனித்தனிக் கவர். ஒவ்வொன்றின் எடையும் 0.1 மில்லிகிராம் துல்லியத்தில் நோட்டில் ஏறவேண்டும்.

புதுக் கார்பன் துணியில் தண்ணீர் சேம்பிலையில் உருள்வதுபோல உருளும். அப்படியே பூசினால் ஜெல் மேலே உட்காருமே தவிர இழைகளுக்குள் இறங்காது. எத்தனாலில் முக்கி எடுத்து, உலரவிடாமல் நேரே டிஸ்டில்டு வாட்டரில் போட்டு இரண்டு முறை மாற்றுங்கள். இரவு முழுவதும் தண்ணீரிலேயே கிடக்கட்டும்.

உறையவைக்கும் காலை

கரைசல் அ: அமோனியம் பெர்சல்பேட் 0.286 கிராம், டிஸ்டில்டு வாட்டர் 1 மி.லி.

கரைசல் ஆ: பைட்டிக் அமிலக் கரைசல் 0.921 மி.லி., டிஸ்டில்டு வாட்டர் 2 மி.லி., அனிலின் 0.458 மி.லி. இதே வரிசையில் சேர்த்துக் கலங்கல் தெளியும்வரை கலக்குங்கள்.

இரண்டையும் 4 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்விக்கவேண்டும். கத்திரி வெயிலில் நம் ஆய்வகங்கள் இருக்கும் சூட்டில் இதைத் தவிர்க்கவே முடியாது. சூடாக இருந்தால் கலந்த கையோடு உறைந்து, பூச நேரம் கிடைக்காது. கட்டியும் குட்டியுமாக ஆகும். ஐஸ் கட்டியும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் இரண்டு புட்டியையும் அரைமணி நேரம் நிறுத்துங்கள். வெறும் ஐஸ் மட்டும் போட்டால் கண்ணாடியை அங்கங்கேதான் தொடும். தண்ணீர் இருந்தால்தான் சுற்றிலும் குளிரும்.

அளவை ஆசைப்பட்டுப் பத்து மடங்கு கூட்டாதீர்கள். இந்த வினை சூட்டை வெளியிடுவது. 4 மி.லி.யில் அந்தச் சூடு கண்ணாடி வழியே போய்விடும். அரை லிட்டரில் போக வழியில்லாமல் கொதித்துப் பொங்கும். பொங்குவது அனிலின் என்பதை மறக்கவேண்டாம்.

ஈரத் துண்டுகளை வடிதாளில் ஒற்றி எடுத்து, கண்ணாடித் தட்டில் வரிசையாகப் பரப்பி வையுங்கள். கையுறை இரண்டு அடுக்கு. மேலுறையில் துளி பட்டால் உடனே மாற்றிவிடுங்கள். இப்போது ‘அ’வை ‘ஆ’வில் ஊற்றிப் பத்து விநாடி கலக்கி, மைக்ரோபிப்பெட்டால் ஒவ்வொரு துண்டின் கீழ் 1 சதுர செ.மீ. பரப்பிலும் 50 மைக்ரோலிட்டர் விடுங்கள். துணி உறிஞ்சிக்கொள்ளும். பழுப்பாகத் தொடங்கும் நிறம் மூன்று நிமிடத்துக்குள் கரும்பச்சையாகும். புட்டியில் மீந்ததைச் சாய்த்துப் பாருங்கள்: வழியாமல் நின்றால் உறைந்துவிட்டது.

உறைய ஆரம்பித்ததைக் கலக்கக்கூடாது. பால் தயிராகும்போது சட்டியை ஆட்டுவோமா?

தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து, ஓரத்தில் ஈரப் பஞ்சு வைத்து மூடுங்கள். எங்கள் ஆய்வகத்தில் ஒரு பையன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தட்டைத் திறந்தபடி ஃபேனுக்கு அடியில் விட்டுப்போனான். திங்கட்கிழமை காலை, கோடையில் கெடிலம் ஆற்றுச் சேறு வெடித்துக் கிடப்பதைப்போலப் பச்சைச் சில்லுகள். அவன் அதைத் திரும்ப நனைத்துச் சோதித்துப் பார்த்தான், மின்தேக்குத்திறன் படுத்துவிட்டது. தண்ணீர் வெளியேறும்போது அதன் இழுவிசையே நுண்துளைச் சுவர்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது. ஒட்டியது பிரியாது. அயனிகள் நுழைய வழியில்லாத பாலிஅனிலின் வெறும் பச்சைப் பெயின்ட்.

கழுவல்: இரண்டு நாள்

பலரும் அவசரப்படும் இடம் இதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவசரம் அடங்கும். மேலே எடுத்த அனிலின் 5 மில்லிமோல், பெர்சல்பேட் 1.25 மில்லிமோல். அனிலின் முழுவதும் பாலிமராக 6.25 மில்லிமோல் பெர்சல்பேட் வேண்டும். ஆக, நாம் போட்டது ஐந்தில் ஒரு பங்குதான். அது ஏறக்குறைய 90 மில்லிகிராம் பாலிஅனிலினுக்குத்தான் காணும். மிச்ச அனிலின் மாறாமல் ஜெல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. கழுவாமல் சோதித்தால் அதுவும் மின்னோட்டம் காட்டி உங்களை ஏமாற்றும்.

அகலமான பீக்கரில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றித் துண்டுகளை முக்கி வையுங்கள். முதல் நாள் இரண்டு மணிக்கு ஒருமுறை, இரண்டாம் நாள் காலையும் மாலையும் தண்ணீரை மாற்றவேண்டும். குலுக்கவேண்டாம். கழுவின தண்ணீர் தெளிந்த பிறகும் ஒருமுறை மாற்றுங்கள். நிறத்தைக் கவனித்துக்கொண்டே இருப்பது நல்லது. கரும்பச்சை என்றால் மின்கடத்தும் நிலை. நீலத்துக்குத் திரும்பினால் அமிலம் கழன்றுபோய் மின்கடத்தாத நிலைக்குப் போகிறது என்று பொருள். நீர்த்த கந்தக அமிலத்தில் சில நிமிடம் வைத்தால் பச்சை திரும்பும். இந்தப் பொருள் தன் உடல்நிலையைத் தானே நிறத்தில் சொல்லிவிடும். வேறு எந்த மின்முனைப் பொருளும் மாணவர்களிடம் இவ்வளவு வெளிப்படையாகப் பேசி நான் பார்த்ததில்லை.

கழுவின தண்ணீர் ஒரு சொட்டும் சிங்க்கில் போகக்கூடாது. மூடியுள்ள கேனில் ‘அனிலின் கழிவு’ என்று எழுதிச் சேர்த்து, கல்லூரியின் அபாயக் கழிவோடு ஒப்படைக்கவேண்டும்.

எடை: எல்லாப் பொய்யும் பிறக்கும் இடம்

மின்தேக்குத்திறனை ‘ஒரு கிராமுக்கு இத்தனை ஃபாரட்’ என்று சொல்வது வழக்கம். நம் கையில் இருப்பதோ ஈர ஜெல். காயவைத்தால்தான் எடை தெரியும். காயவைத்தால் மின்முனை செத்துவிடும். அதனால்தான் ஆறு துண்டு வெட்டச் சொன்னேன். ஒரே கலவையிலிருந்து, ஒரே அளவு விட்டு, ஒரே மாதிரிக் கழுவிய ஆறில் மூன்றைப் பலிகொடுங்கள். 60 டிகிரியில், எடை இனி மாறவில்லை என்று ஆகும்வரை உலர்த்தி, துணியின் பழைய எடையைக் கழித்துச் சராசரி எடுங்கள். அதுவே மிச்ச மூன்றின் எடை. மூன்றுக்கும் நடுவே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் பூசிய கை சரியில்லை, முதலிலிருந்து தொடங்குங்கள்.

1 சதுர செ.மீ.க்கு 2 மில்லிகிராம் பக்கம் வந்தால் நல்லது. 0.1 மில்லிகிராம் மெல்லிய பூச்சில் பிரமாதமான எண் வரும், தாளில் அழகாகவும் இருக்கும். ஆனால் தராசின் பிழையே அந்த எடைக்குச் சமம். ஊத்தப்பம் மாதிரிக் கனமாக ஊற்றினாலோ உள்ளடுக்குக்கு அயனி போய்ச் சேராது, எண் விழும்.

அளப்பது

மின்பகுளி: 1 மோலார் கந்தக அமிலம். டிஸ்டில்டு வாட்டர் 80 மி.லி. எடுத்து, அதில் அடர் கந்தக அமிலம் 5.4 மி.லி.யைச் சிறிது சிறிதாக விட்டு, ஆறவைத்து 100 மி.லி. ஆக்குங்கள். தண்ணீரில்தான் அமிலம், அமிலத்தில் தண்ணீர் ஒருபோதும் அல்ல.

கல்லூரியில் பொட்டென்ஷியோஸ்டாட் இருந்தால், வெள்ளி–வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்முனையும் எதிர்முனைக்குக் கிராஃபைட் தண்டும் வைத்து, –0.2 முதல் +0.8 வோல்ட் வரை சுழற்றுங்கள். இரண்டு ஜோடி மேடுகள் தெரியும். பாலிஅனிலின் நிறம் மாறும் இரண்டு படிகள் அவை. 0.8ஐத் தாண்டாதீர்கள். தாண்டினால் சங்கிலி உடைந்து குவினோனாகக் கரைந்துபோகும். நடுவில் புதிதாக ஒரு மேடு முளைத்தால் அதுதான் அடையாளம்.

பிறகு மாறா மின்னோட்டத்தில் ஏற்றி இறக்குங்கள். கணக்கு எளிது: மின்னோட்டத்தையும் இறங்க எடுத்த நேரத்தையும் பெருக்கி, எடையாலும் வோல்ட் வித்தியாசத்தாலும் வகுக்கவேண்டும். 2 மில்லிகிராம் மின்முனை, 1 மில்லிஆம்பியர், 0.8 வோல்ட் இறங்க 600 விநாடி என்று வைத்துக்கொண்டால், கிராமுக்கு 375 ஃபாரட். 2012 கட்டுரையில் சொல்லப்பட்டது சுமார் 480. 10,000 சுழற்சிக்குப் பிறகு 83 சதவீதம் மிச்சம். உங்களுக்கு 300 வந்தாலே கை பழகிவிட்டது என்று அர்த்தம். 900 வந்தால் சந்தோஷப்படாதீர்கள், எடையைத் திரும்பப் பாருங்கள்.

கருவி இல்லாதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரே எடையுள்ள இரண்டு மின்முனைகளை நடுவே கண்ணாடியிழை வடிதாள் வைத்து எதிரெதிரே அடுக்கி, அமிலத்தில் நனைத்து, இரண்டு அக்ரிலிக் தகடுகளுக்கு நடுவே கிளிப் போடுங்கள். இது ஒரு சூப்பர் கெப்பாசிட்டர். 1.5 வோல்ட் பேட்டரியை நேரே கொடுத்தால் ஜெல் கெட்டுவிடும். பேட்டரியிலிருந்து 220 ஓம் மின்தடை வழியாக வந்து, செல்லுக்குப் பக்க இணைப்பில் ஒரு சாதாரண சிலிக்கன் டயோடைக் கடத்தும் திசையில் வையுங்கள். மின்னழுத்தம் 0.6 வோல்ட் பக்கம் வந்ததும் டயோடு மிச்சத்தைத் தன் வழியே விட்டுவிடும். அதற்கு மேல் ஏறாது. ரேடியோ ரிப்பேர் கடையில் கிடைக்கிற பாதுகாப்பு வால்வு.

ஏறி நின்றதும் பேட்டரியையும் டயோடையும் கழற்றிவிட்டு, 1,000 ஓம் மின்தடையை மாட்டுங்கள். மல்டிமீட்டர் முன்னால் கைக்கடிகாரத்தோடு உட்காருங்கள். தொடங்கிய மின்னழுத்தம் 37 சதவீதமாகக் குறைய எத்தனை விநாடி ஆகிறதோ அதை 1,000ஆல் வகுத்தால் செல்லின் ஃபாரட் கிடைக்கும். இது சுத்தமான மின்தேக்கி அல்ல என்பதால் தோராயம்தான். மேலே சொன்ன 375 ஃபாரட் ஜெல் என்றால் ஒரு முனை 0.75 ஃபாரட், இரண்டும் தொடரில் சேரும்போது பாதி, 0.375. ஆக 375 விநாடி, அதாவது ஆறே கால் நிமிடம் ஆகவேண்டும்.

இந்த இடத்தில் நிறையப் பேர் வழுக்கி விழுவார்கள். செல்லின் 0.375 ஃபாரடை இரண்டு முனைகளின் மொத்த எடையான 4 மில்லிகிராமால் வகுத்தால் கிராமுக்கு 94. தனி மின்முனையில் 375, செல்லில் 94: நான்கில் ஒரு பங்கு. இரண்டுமே சரியான எண்கள்தான். எதை எழுதுகிறோம் என்று சொல்லாமல் பெரியதை எழுதுவதுதான் தப்பு.

அந்த 94ஐ வைத்து இன்னும் ஒரு படி போகலாம். 0.8 வோல்ட் வரை ஏற்றினாலும் சேமிக்கும் ஆற்றல் கிலோவுக்கு 8.3 வாட்மணி. கார் பேட்டரியான ஈய–அமில மின்கலம் முழுதாக, டப்பாவும் அமிலமும் சேர்த்தே, 30 முதல் 40 தரும். இந்த 8.3 எவ்வளவு சிறியது என்று அறிய, பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினால் எட்டிவிடும் நெய்வேலியைப் பாருங்கள். 1962இல் அங்கே முதல் மின்சாரம் வந்த அனல்மின் நிலையம் 2020இல் நிறுத்தப்பட்டது. அதை நடத்திய நிறுவனம் இன்று சூரிய மின்சாரமும் எடுக்கிறது. நிலக்கரி ராத்திரியும் எரியும், சூரியன் எரியாது. அதனால் தெற்கு அந்தமானில் அவர்கள் அமைத்த 20 மெகாவாட் சூரிய நிலையத்தோடு 8 மெகாவாட்மணி பேட்டரித் தொகுப்பையும் வைத்தார்கள். நம் ஜெல்லை வைத்து அந்த 8 மெகாவாட்மணியைச் சேமிக்கவேண்டுமானால், தண்ணீரையும் துணியையும் எடையில் சேர்க்காமலே, 960 டன் உலர்ந்த ஜெல் வேண்டும். பிப்பெட்டால் ஒரு துண்டுக்கு 50 மைக்ரோலிட்டர் விட்ட கைக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் அடக்கம் கற்றுத்தரும்.

பிறகு எதற்கு இது? சில விநாடிகளில் ஏறி இறங்கவேண்டிய இடத்துக்கு, வளையும் மின்கருவிகளுக்கு, உடலில் ஒட்டும் உணரிகளுக்கு. ஈரமும் மென்மையும் வேண்டிய இடமென்றால் உலோக ஆக்ஸைடு மின்முனைகள் பக்கத்தில் வரமுடியாது. ஆற்றலைக் கூட்டவேண்டுமானால் ஒரு முனையை மட்டும் ஜெல்லாக வைத்து, எதிர்முனைக்குச் கிளர்வூட்டிய கரியைப் போட்டு மின்னழுத்த வரம்பை அகலமாக்கலாம். பழுப்பு நிலக்கரியிலிருந்தும் அந்தக் கரி செய்ய முடியும். நெய்வேலியில் ஒருகாலத்தில் பழுப்பு நிலக்கரியைக் கரியாக்கி ‘லெகோ’ என்று அடுப்புக்கு விற்றதை எங்கள் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்த வருட ப்ராஜெக்டுக்கு யாராவது அதை எடுத்துக்கொள்ளுங்கள். மின்வேதியியலில் சந்தேகம் வந்தால் கேட்க, காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. உங்கள் துறைத்தலைவர் வழியாக முறையாக எழுதிக் கேளுங்கள்.

செல்லை ஏற்றிய நிலையில் ஓர் இரவு விட்டு, காலையில் மின்னழுத்தத்தை அளந்து எழுதவும் மறக்கவேண்டாம். நன்றாகவே குறைந்திருக்கும், இந்த வகைச் சேமிப்பில் கசிவு அதிகம். அந்த எண்ணையும் அறிக்கையில் போடுங்கள். மீந்த மின்முனைகளை இறுக்கமான மூடியுள்ள புட்டியில், அவை மூழ்கும் அளவு நீர்த்த கந்தக அமிலம் ஊற்றி, தேதி எழுதி, ஆய்வக ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். யாரோ தயிர் டப்பா வைத்திருக்கும் அந்த இன்னொரு ஃபிரிட்ஜில் அல்ல.